முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும்

பள்ளம் என்று அவன் சொல்லவில்லை. சக்கரம் இறங்கி ஏறி, அந்த அடி இருக்கை வழியாக வந்து உலகம்மாளின் இடுப்பெலும்பில் உட்கார்ந்து, வலி ஒரு தடவை தோள் வரைக்கும் போய்த் திரும்பிய பிறகும் சொல்லவில்லை. ரெட்டை சைக்கிளில் பின்னால் உட்காருகிறவளுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. முன்னால் இருப்பவனின் முதுகுதான் பாதை. பச்சை பனியனில் உப்புப் பூத்துக் கிடக்கிற அந்த முதுகு சாய்ந்தால் வளைவு, எழும்பினால் செங்குத்து, குறுகினால் எதிரே வண்டி. மற்றதையெல்லாம் வாயால்தான் சொல்லியாக வேண்டும். பள்ளம், மேடு, கல்லு, பஸ்ஸு, மாடு. சொன்னால் அவள் இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக்கொள்வாள், அடி காலோடு போய்விடும். ஆரோவில்லில் இந்த சைக்கிளை விற்ற வெள்ளைக்காரத் தம்பதி காசை வாங்கிக்கொண்டு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான், முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும் என்று. அந்தம்மா தன் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டிச் சொன்ன விதத்தில் ஆவுடையப்பன் வெட்கப்பட்டுப் போய் வேறு பக்கம் பார்த்தான். அன்றிலிருந்து ஒரு சின்னக் கல்லைக்கூட அவன் சொல்லாமல் விட்டதில்லை. தூத்துக்குடி ரோட்டில் செத்துக் கிடந்த பாம்பைக்கூட, பாம்பு, பயப்படாத, செத்த பாம்பு என்று விவரமாகச் சொல்லிக்கொண்டு போனவன். இன்றைக்கு முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதிலிருந்து ஒன்றைச் சொல்கிறான், ஒன்றை விடுகிறான். இருக்கட்டும். கோபம்தான். வேறென்ன. ராத்திரி சாப்பாட்டுக் கடையில் பட்ட கோபத்தை இப்போது அவள் இடுப்பில் இறக்குகிறான். இறக்கட்டும். அவளும் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்தால் தெரியும், இந்த ஆடிக் காற்றுக்கு எதிரே போடிமெட்டு எந்த உயரத்தில் இருக்கிறதென்று. ஆனால் குறைக்கவில்லை. குறைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். சங்கிலி ஒன்றுதானே. அவள் கால் நினைப்பது அவன் காலுக்குப் போய்விடும், அவன் கால் நினைப்பது இவளுக்கு வந்துவிடும். வாய் பேசாத நாளிலும் கால் பேசிக்கொண்டேதான் இருக்கும், அதுதான் இந்த வண்டியில் உள்ள கஷ்டம்.

அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டாள். தண்ணீர் ஜக்கை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினான். டம்ளரில் இல்லை, பக்கத்தில், இலையின் ஓரத்தில், அழகாக நிதானமாக ஊற்றினான். பரிமாறுகிற ஆள் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து இவளுக்கும் சிரிப்பு வந்தது. "அத்தான், கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊர் உலகத்தில் எந்தப் பொண்டாட்டியும் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறதுதான். ஆனால் ஆவுடையப்பனிடம் கேட்கக் கூடாது. வலது கண் அவனுக்குப் பேருக்குத்தான். எட்டாவது படிக்கும்போது தீபாவளிக்கு ஒரு சரவெடித் துணுக்கு பட்டு, வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியும், எழுத்து தெரியாது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சாபீஸில் நிறம் பார்க்கிற வேலையில் இருக்கிறான். சிவப்புக்கு மேல் மஞ்சள் மயிரிழை விலகியிருந்தால், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிற கண். முதலாளியே ஆளுக்கு ஆள் பெருமை பேசுகிற கண். அந்த மனுஷனிடம், முன்பின் தெரியாத ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, கண்ணு எங்க இருக்கு என்று. நாக்குக்கு எலும்பு இருந்தால்தானே. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டான். இடித்ததைப் பார்த்துக்கூட அவளுக்குக் கோபம்தான் வந்தது, வேண்டுமென்றே இடிக்கிறான், எல்லோரும் பார்க்கட்டும் என்று இடிக்கிறான் என்று. இப்போது நினைத்தால் அது எந்தப் பக்கத்து நாற்காலி? வாசலுக்குப் போகிற வழியில், சுவரோரம். சரி, எந்தப் பக்கமாக இருந்தால் என்ன. "மேடு" என்றான் அவன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவள் எழும்பிக்கொண்டாள். வலது ஓரத்தில் தார் உருண்டு திரண்டிருந்த மேடு. அதைச் சொல்கிறான். அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறான் போல. என்ன ஒரு அழுத்தம் இந்த மனுஷனுக்கு.

கீழே புளியந்தோப்புகளும் இலவமரங்களும் சின்னதாகிக்கொண்டே போயின. அவளுக்கு அது மட்டும்தான் வசதி. முன்னால் இருப்பவனுக்குச் சாலை, பின்னால் இருப்பவளுக்கு ஊர். பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவு வந்தது. தார் முடிந்து சிமெண்டுக் கல் பதித்த தரை, சக்கரம் தடதடவென்று பல்லைக் கிட்ட வைத்தது. வளைவுக்குள் முதுகு சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள். சாய்வதற்கு முன்னால் அவன் தலை திரும்பிய விதம் ஒன்று இருந்தது. அதை அவள் கவனித்தாள், கவனித்ததை ஒதுக்கி வைத்தாள். பின்னாலிருந்து ஜீப் ஹாரன். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஜீப், தலையில் துண்டும் இடுப்பில் தூக்குவாளியுமாகப் பத்துப் பதினைந்து பொம்பிளைகள் ஒருத்தி மடியில் ஒருத்தி. பக்கத்தில் வந்ததும் வண்டி வேகம் குறைந்தது. ரெட்டை சைக்கிளைப் பார்த்துவிட்டால் யாரும் சும்மா போவதில்லை. "ஆத்தி, இங்க பாருங்கடி, புருசனும் பொண்டாட்டியும் ஒரே சைக்கிள்ல!" என்றாள் ஒருத்தி. "ண்ணே, நம்பாதீங்க, பின்னாடி அக்கா மெதிக்கவே இல்ல, சும்மா காலைச் சுத்திக்கிட்டு வருது!" இந்தப் பேச்சு கன்னியாகுமரியிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் ஒன்றுதான். எந்த ஊரில் யார் சொன்னாலும் தானே முதன்முதலாகக் கண்டுபிடித்த மாதிரிதான் சொல்வார்கள். "நீங்க எறங்கி மெதிச்சுப் பாருங்க, நான் ஜீப்புல வாரேன்!" என்று உலகம்மாள் திருப்பிக் கத்தினாள். "வேணாந்தாயி, எங்க வீட்டுக்காரரு முன்னாடி உக்காந்தா நேரா சாராயக்கடைக்குத்தான் ஓட்டுவாரு!" ஜீப்பே குலுங்கியது. ஆவுடையப்பனும் சிரித்தான். சிரிக்கிற அளவுக்கு மனம் இளகியிருக்கிறதா, அப்படியானால் கோபம் போய்விட்டதா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், ஜீப் தாண்டிய புழுதியில், சக்கரம் இடது ஓரத்தில் சரியாக ஒரு குழியில் இறங்கியது. பெரிய குழி. பார்க்காமல் விடுகிற குழி இல்லை. கைப்பிடி ஆட்டம் கண்டு, அவன் கால் ஒரு கணம் நின்று, சங்கிலி வழியாக அந்த நிற்றல் அவள் முழங்காலுக்கு வந்தது. கோபக்காரன் கால் இப்படி நிற்காது. இது அவனுக்கே தெரியாமல் வந்த குழி.

பின்னால் உட்காருவதுதான் அவளுக்குப் பிழைப்பு. டிரைவிங் ஸ்கூலில் பொம்பிளைகளுக்கு ஸ்கூட்டி பழக்குகிறாள். நாற்பது வயதில் முதன்முதலாகக் கைப்பிடியைத் தொடுகிற டீச்சர்கள், கல்யாணம் நிச்சயமானதும் ஓடி வருகிற பெண்கள், எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, அக்கா விட்டுராதீங்கக்கா என்கிற கூச்சலைக் கேட்டுக்கொண்டு, எட்டுப் போட்டு எட்டுப் போட்டு வாழ்க்கை போகிறது. முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இந்தப் பெண் இப்போது எங்கே பார்க்கிறாள் என்று. கழுத்து நரம்பு சொல்லிவிடும். பழகாதவர்கள் கண்ணை உருட்டிப் பார்க்க மாட்டார்கள், முழுத் தலையையும் திருப்புவார்கள், கோழி பார்க்கிற மாதிரி. கண்ணை மட்டும் திருப்புங்கம்மா, தலையைத் திருப்பாதீங்க, வண்டி தலை போற பக்கம் போயிரும் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துகிறாள். இப்போது ஆவுடையப்பன் அப்படித்தான் திரும்புகிறான். வளைவுக்கு வளைவு, இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம், தாடை தோளைத் தொடுகிற அளவுக்கு. வலப்பக்கம் திரும்பும்போது இல்லை. இதைத்தான் ஒதுக்கி வைத்தாள். ஒதுக்கி வைத்தது போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு வழக்கமாகக் கவனம் வைக்க வேண்டியது வலப்பக்கம். வலது கண்தானே மோசம். இத்தனை வருஷமும் வலப்பக்கம்தான் தலையைத் திருப்புவான், அதற்கு இரண்டு பேரும் பழகிப்போய்விட்டார்கள். இன்றைக்கு ஏன் பக்கம் மாறியிருக்கிறது? கழுத்துப் பிடிப்பாக இருக்கும். லாட்ஜ் தலையணை கல் மாதிரி இருந்தது. கழுத்துப் பிடித்தவன் அந்தப் பக்கமே திருப்புவானா? திருப்ப மாட்டான். அப்படியானால் கழுத்து இல்லை. அப்படியானால் என்ன? அப்படியானால் ஒன்றும் இல்லை, மிதி. மூச்சை எண்ணு. ஏற்றத்தில் யோசிக்கக் கூடாது, யோசனைக்கும் மூச்சு வேண்டும்.

ஆனால் யோசனை கேட்டால்தானே. ராத்திரி லாட்ஜில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அவன் பேசினான். அவளாகப் பேசக் கூடாது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "மின்னுது" என்றான். "மழ வரும் போலிருக்கு. காலையில ரோடு நனைஞ்சு கெடக்கும்." அவள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். மேகமே இல்லை. காற்று துடைத்துப் போட்ட மாதிரி வானம், நட்சத்திரம். சமாதானத்துக்கு வருகிறான், பேச்சுத் தொடங்க ஒரு மின்னலைக் கொண்டுவருகிறான் என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது அவளுக்கு. ஆனாலும் வீம்புக்குப் பேசவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தாள். "மறுபடி மின்னுது பாரு" என்றான். அவள் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டாள். மின்னியது எங்கே? வெளியே மின்னவில்லை. அப்போது எங்கே மின்னியது? சைக்கிள் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் கைகள் பிடியில் வழுக்கின. டிரைவிங் ஸ்கூலுக்குக் கண் சர்டிபிகேட் கொடுக்க வருகிற டாக்டர் ஒருத்தர் உண்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த ஒரு லாரி டிரைவரை அவர் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. கண்ணுக்குள்ள மின்னுதா? பூச்சி பறக்குதா? ஓரத்துலருந்து திரை மாதிரி எறங்குதா? அப்போ லைசென்ஸு கெடக்கட்டும், இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும், திரை நடுவுக்கு வாரதுக்குள்ள போயிட்டா பாக்கலாம், நடுவுக்கு வந்துட்டா கடவுளே வந்தாலும் பழைய கண்ணு வராது, போற வழியில குலுங்காமப் போம் என்று. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்துக்குப் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மறந்துபோனாள். மறந்தது இப்போது வரிக்கு வரி வருகிறது. குலுங்காமப் போம். சிமெண்டுக் கல்லில் தடதடவென்று சக்கரம் ஏறியது. ஒவ்வொரு தடதடப்பும் அவன் தலைக்குள் எங்கே போய் உட்காருகிறது? ஒரே கண். அவனிடம் இருப்பது அந்த ஒரே கண்.

நிறுத்தச் சொல். வாயைத் திறந்து நிறுத்தச் சொல், அவ்வளவுதான். ஆனால் என்னவென்று சொல்வது. உங்களுக்குக் கண்ணு தெரியலையா என்று கேட்பதா? நேற்று ராத்திரி கேட்டதையே இன்றைக்கு மறுபடியும் கேட்பதா? அது பொய்யாக இருந்துவிட்டால், வெறும் கோபமும் கழுத்துப் பிடிப்பும் மட்டும் என்றால், ஒரு மனுஷனின் ஊனத்தைப் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை குத்தினவள் ஆகிவிடுவாள். அப்புறம் இந்த மலையென்ன, கீழே வீட்டுக்குப் போன பிறகும் அவன் அவளோடு ரெட்டை சைக்கிளில் ஏறுவானா? நாலு நாள் லீவு போட்டு, பூப்பாறை மூணாறு மறையூர் உடுமலை என்று ஆறு மாதமாக விரலால் போன் திரையைத் தேய்த்துத் தேய்த்து அவன் போட்ட வழி. பாதியில் திரும்பினால் அது அவளால் திரும்பியதாகத்தான் இருக்கும். சரி, அடுத்த வளைவு வரைக்கும் பார்ப்போம். அடுத்த வளைவில் தலையைத் திருப்புகிறானா என்று பார்ப்போம். திருப்பினான். ஒரு தடவை வைத்து எப்படிச் சொல்வது, இன்னொரு வளைவு பார்ப்போம். பார்க்கப் பார்க்க மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மேலே போகப் போக ஆஸ்பத்திரி கீழே போய்க்கொண்டிருந்தது. தேனியில் ஒரு நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, வரும்போது பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்த்தாள். பள்ளம் என்று அவன் சொல்லாத இன்னொரு பள்ளம். இடது. எல்லாம் இடது. வாங்கின அடிகளை இடுப்பு வரிசையாக நினைவு வைத்திருந்தது. செக்போஸ்ட் பக்கத்துக் குழி, பாலத்து ஓரம், ஜீப் புழுதிக் குழி, எல்லாம் இடது. சொன்னதெல்லாம் வலதிலோ நடுவிலோ. கோபம் பக்கம் பார்த்து வராது. யாருடைய கோபமும் அப்படி வராது.

ஏலக்காய் மணத்தோடு பனிச்சாரல் வரத் தொடங்கியது. ஒரு பக்கம் மலை, இடப்பக்கம் இடுப்புயரத் தடுப்புச்சுவர், அதுவும் இடையிடையே இடிந்து, அப்பால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. உலகம்மாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. வாய் அதுவாகத் திறந்துகொண்டது. "அத்தான்" என்றாள். காலையிலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. முதுகு நிமிர்ந்ததில் அவன் எவ்வளவு காத்திருந்தான் என்று தெரிந்தது. "இடப்பக்கம் செவுத்துல பாத்தியளா, கொரங்கு குட்டியோட உக்காந்திருக்கு." சுவரில் ஒன்றும் இல்லை. நனைந்த பாசியும், யாரோ சுண்ணாம்பால் எழுதின காதலர் பெயரும்தான் இருந்தன. எந்தக் குரங்கு என்று கேளுங்க. எங்கயும் காணலியே என்று திட்டுங்க. கோட்டிக்காரி என்று சொல்லுங்க. "ம், பாத்தேன்" என்றான் ஆவுடையப்பன். இரண்டு மிதி மிதித்தான். பிறகு, சொன்னது போதாதோ என்று பட்டதுபோல, "ரெண்டு குட்டி" என்றான்.

அந்த இரண்டாவது குட்டிதான் அவளை உடைத்தது. ஒரு குட்டியோடு விட்டிருந்தால்கூட எங்காவது ஒரு சந்தேகத்தைப் பிடித்துத் தொங்கியிருப்பாள். வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் இடதுகைப் பக்கம் ஒரு பிரேக் உண்டு. நீண்ட இறக்கங்களில் முன்னால் இருப்பவன் கைகளே எல்லா வேகத்தையும் பிடித்தால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடித்துவிடும். அதற்காகப் பின் சக்கரத்தின் மையத்தில் மூன்றாவதாக ஒரு பிரேக், அதன் பிடி பின்னால் இருப்பவளிடம். அவன் கண்ணால் பார்த்துச் சொல்ல, அவள் பார்க்காமல் பிடிப்பாள். பிடித்தால் போதும், இந்த ஏற்றத்தில் சைக்கிள் அப்படியே நின்றுவிடும். நின்றால்? நின்றால் அவன் இடது காலை ஊன்றுவான். எப்போதும் முதலில் இடது கால்தான். இடது காலுக்குக் கீழே இப்போது தார் ஓரம் கடித்துப்போய், சரளை, அப்புறம் சுவர் இடிந்த இடைவெளி. ஊன்றுகிற இடத்தை அவன் பார்க்க மாட்டான், பார்த்தேன் என்று சொல்வான். ரெண்டு குட்டி என்று சொன்ன வாய் தரை இருக்கிறது என்றும் சொல்லும். கை பிடியைத் தொட்டுத் தொட்டு விலகியது. அடுத்த வளைவு தாண்டினால் இடப்பக்கம் மலை வரும், அங்கே நிறுத்தலாம். வந்தது. பின்னால் ஒரு சரக்கு லாரி மூச்சு விட்டுக்கொண்டு ஒட்டியே வந்தது. இப்போது நின்றால் அதன் மூக்கில். அடுத்ததில் மறுபடியும் இடப்பக்கம் வெற்று வெளி. அவள் பேசத் தொடங்கினாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், அவன் கண்ணாகத் தானே ஆகிவிட வேண்டும் என்பதுபோல, முதுகுக்குப் பக்கவாட்டில் கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, "நடுவுலயே போங்க அத்தான். இன்னும் நடுவுல. லாரி நிக்கட்டும், ஹாரன் அடிக்கட்டும். நடுவுலயே போங்க" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மறுபேச்சில்லாமல் நடுவில் போனான். அவன் கேட்காமல் போனதில் அவளுக்கு இன்னும் பயம் கூடியது. அவனுக்குத் தெரியும் அவளுக்குத் தெரியுமென்று. இரண்டு பேரும் ஒரே சங்கிலியில் அதை மிதித்துக்கொண்டு ஏறினார்கள்.

மெட்டு வந்தது. திடீரென்று காலுக்குக் கீழே கனம் இல்லாமல் போனது. சாலை தட்டையாகி, காற்று பக்கத்திலிருந்து அறைந்தது. இடப்பக்கம் டீக்கடைகள், நிறுத்தியிருந்த ஜீப்கள். கீழே தாண்டிப் போன பொம்பிளைகள் கண்ணாடி டம்ளரும் கையுமாக நின்றார்கள். "இந்தா, மெதிக்காத அக்கா வந்துருச்சு!" என்று கூட்டமாகக் கத்தினார்கள். ஆவுடையப்பன் சிரித்த முகத்தோடு கையை ஆட்டினான், வலப்பக்கமாக, அங்கே மெட்டுச் செக்போஸ்ட்டின் மூடிய ஜன்னலைப் பார்த்து. ஒரு பெண் டம்ளரை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அவனையே பார்த்தாள். "நிக்க வேண்டாம்" என்றான் அவன், மூச்சு வாங்க. "நின்னா ஒடம்பு ஆறிரும். அப்படியே எறங்கிருவோம்." முன்னால் சாலை மூக்கைக் கவிழ்த்தது. பனிக்குள் கருப்பாக, ஈரமாக, வேகமாக. அவன் மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் தானாக உருண்டது. உலகம்மாள் இடது கையை மூடினாள். முழு விரலையும் வைத்து மூடினாள். பின் சக்கரம் முனகிக்கொண்டு நின்றது. அவன் கால் ஊன்றியது. தரை இருந்தது.

"ஏளா, என்ன செய்யுத?"

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

"அங்கன கொரங்கு இல்ல அத்தான். ஒண்ணும் இல்ல. நான் சும்மா சொன்னேன்."

அவன் திரும்பவில்லை. காற்றில் பனியன் படபடத்தது. பிறகு அவன், சாலையிடம் பேசுகிறவன் மாதிரி, நிதானமாக, விளக்கமாகப் பேசினான். அச்சாபீஸில் பையன்களுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிற குரல். "இந்தப் பக்கம் எறக்கத்துல பாதாளமெல்லாம் வலப்பக்கம்தான். நான் மேப்புல பாத்துட்டேன். நமக்கு இடப்பக்கம் மலைதான். மலைய எதுக்குப் பாக்கணும், அது எங்கயும் போகாது. வலப்பக்கம் வெளிச்சம் தெரியுது, நேரா நல்லாவே தெரியுது. நீ பிரேக்க மட்டும் பிடிச்சுக்கிட்டு வா, நான் எறக்கிருவேன். உடுமலை போயிட்டு அப்படியே கோயம்புத்தூர்ல காட்டிக்கிடலாம்."

அவள் அதைக் கேட்டாள். கேட்டதைத் திரும்ப ஒரு முறை மனசுக்குள் ஓட்டினாள். இத்தனை மலை ஏறி இறங்கின ஆள். வழி போடத் தெரியாதவர்களெல்லாம் வந்து இவனிடம்தான் வழி கேட்பார்கள்.

"ஒரு வளைவு திரும்பினா?" என்றாள்.

"திரும்பினா என்ன?"

"வளைவு திரும்பினா, பாதாளம் எந்தப் பக்கம் வரும் அத்தான்?"

அவன் வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் காற்றில் ஒரு வளைவு போட்டான். மலையை ஒரு பக்கம் வைத்தான், பள்ளத்தை ஒரு பக்கம் வைத்தான். கை போய்த் திரும்பி வந்தது. "திரும்பினா..." என்று தொடங்கி, இன்னொரு தடவை போட்டான். பாதி வளைவில் கை நின்றுவிட்டது.

"எப்பத்துலருந்து?"

"நேத்துக் காலையில. பல்லு வெளக்கும்போது. கண்ணாடில காதைக் காணோம்." சிரிக்க முயன்றான். "தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன்."

"இன்னைக்கு?"

"மூக்குக்குப் பக்கத்துல வந்துட்டு. நடுவுல வரல. நடுவுல நல்லாத் தெரியுதுளா, சத்தியமா. ஆசுபத்திரின்னு போனா அச்சாபீஸு போச்சு, வண்டி போச்சு. நாலு நாளு. நாலே நாளு ஓட்டிட்டுப் போயிருவோம்னுதான்."

எப்போதும் முன்னால் இருப்பவன் இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் சொன்ன பிறகுதான் பின்னால் இருப்பவள் இறங்குவாள். சொல்லாமல் இறங்கினால் வண்டி ஆடிப் போகும். உலகம்மாள் சொல்லாமல் இறங்கினாள். வண்டி ஆடியது, அவன் பிடித்துக்கொண்டான். அவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக நடந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். அவன் காதோரம் வியர்வை உருண்டு இறங்குவதைப் பார்த்தாள்.

"ஏளா" என்றான் அவன், முன்னால் பார்த்தபடி. குரல் மாறியிருந்தது. "ஏளா, எங்க போன?"

அவன் தலையைத் திருப்பினான். மெல்லத் திருப்பினான், தாடை தோளைத் தொடும்வரை, அதற்கும் மேல் இடுப்பையும் சேர்த்து, இருக்கையில் உடம்பு முறுகத் திருப்பினான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண் அவள் சட்டையின் தோளுக்கு வந்து, கழுத்துக்கு வந்து, முகத்துக்கு வந்து நின்றது. இவ்வளவு பக்கத்திலா நிற்கிறாய் என்பதுபோல அவன் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"சரி" என்றான். "தேனிப் பக்கம் எறங்குற ஜீப்பு ஒண்ணு கூப்பிடு. மெதுவாப் போகச் சொல்லு."